சந்தனத்தில் வந்த குமிழி

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் என் மனைவியின் மூக்கிலிருந்து வாசனையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகையும் கருவாடும் அவளுக்கு ஒன்றே. அவள் அழவில்லை. கலங்கியது நான்தான். கேஸ் கசிந்தால் இவளுக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து வீட்டின் மூக்குப் பொறுப்பை நான் ஏற்றேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். யாருடைய ஆதார் அட்டையையாவது மெஷினில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுவேன். "அடுப்ப அணைச்சிட்டியா?" கடைசியில், நான் இல்லாதபோது அடுப்பே பற்ற வைக்கக் கூடாது என்று சட்டமும் போட்டேன்.

"எனக்கு மூக்குதான் போச்சு, மூளை இருக்கு," என்றாள். "ஒரு காபி போட்டுக் குடிக்க ஒங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

நான் சட்டத்தைத் தளர்த்தவில்லை. பயம் விடவில்லை.

போன ஆயுத பூஜைக்குக் கிரைண்டர், ஸ்கூட்டர், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சிலிண்டருக்கும் உண்டு. ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைத் துடைத்து, நானே திரும்ப மாட்டினேன். ரெகுலேட்டர் உட்காரும் இடம் வரைக்கும் குழைத்த சந்தனத்தை அப்பினேன். அந்த அலங்காரத்தில் கல்யாண மாப்பிள்ளையே தோற்றான். பொங்கல் வைக்க வேண்டுமே என்று ரெகுலேட்டரைத் திறந்தும் விட்டேன். அன்று எனக்குச் சரியான ஜலதோஷம். வீட்டின் மூக்கு அடைத்திருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தட்டில் சூடத்தை வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன்.

"செத்த இருங்க," என்றாள், குனிந்து பார்த்தபடி. "சந்தனத்துல குமிழி குமிழியா வருது."

ரெகுலேட்டர் ஓரத்தில் சந்தனம் உப்பி உப்பி உடைந்தது.

"ஃபேனப் போடு, ஃபேனப் போடு" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன். மனைவியை உள்ளே விட்டுவிட்டேன், தட்டை விடவில்லை. எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார்.

"என்ன தம்பி, சூடத்தப் பொருத்தாமலே கொண்டாந்துட்டீக?"

வெட்கம் தாங்காமல் திரும்பி ஓடினேன். அதற்குள் அவள் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"ஃபேனப் போடச் சொன்னீங்களே, சுவிட்சுல பொறி வந்தா என்னாகும்?"

மெக்கானிக் வந்து பார்த்தார். வால்வுக்குள் இருந்த ரப்பர் வாஷர் விரிசல் விட்டிருந்தது. புதிது போட்டார்.

"இனிமே சந்தனம் வேணாம் சார், சோப்புத் தண்ணி போதும். குமிழி வந்தா கசியுதுன்னு அர்த்தம். தீக்குச்சியக் கிழிச்சு மட்டும் பாத்துராதீக."

"அப்ப இதுக்குக் கண்ணு போதும்," என்றாள் என் மனைவி.

"போதும்மா. கசிஞ்சா கத்துற அலாரம் ஒண்ணும் இருக்கு. தரையோரமா மாட்டிக்கங்க."

"கத்துறதுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு," என்றாள். ஆனாலும் வாங்கி மாட்டினோம்.

என் சட்டத்தை அவள் அன்றே ரத்து செய்தாள். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதும் அவள்தான். நான் டார்ச் பிடிப்பேன்.

போன வாரம் பழக்கதோஷத்தில் கடையிலிருந்து போன் போட்டேன். எடுக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டேன். அடுப்பில் வேலையாக இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சாவியை வைத்துவிட்டு, எதிரே நின்றவர் கேட்ட இரண்டு ஜெராக்ஸ் காப்பியைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்று கோணலாகத்தான் வந்தது.