அடிக்காமல் போன இரண்டாவது சைரன்

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலம். கண்டி டவுனில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலை எனக்கு. கலஹா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருக்கும் மலையில், மழையை அளக்கும் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். மழை அளவு மீறினால் கீழே சைரன் அடிக்கும். மண் சரியும் முன்னே சனங்கள் ஓடிவிடலாம். அதற்குள் இருந்தது யாரோ எப்போதோ சி மொழியில் எழுதிய புரோகிராம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கும், அக்குறணையிலிருந்து வேலைக்கு வரும் என் தோழிக்கும். அந்த லயத்தில்தான் என் அக்கா குடும்பமும் இருந்தது.

அன்று காலையில் சைரன் அடித்தது. எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். "இங்க மழை விட்டுருச்சு, சைரன் சத்தமும் இல்ல. வீட்டுக்குப் போறோம்" என்றாள். எனக்கும் நிம்மதி.

பெட்டி வேலை செய்துகொண்டிருந்தால் எங்கள் போனுக்கு அடிக்கடி ஒரு மெசேஜ் வரும். அக்கா போனை வைத்ததுமே தோழிதான் கவனித்தாள்.

"மெசேஜ் நின்டு போச்சு. சைரன் சும்மா நிக்கல்ல, அடிக்க ஏலாம கெடக்கு. அக்காவுக்கு போன் கோல் எடுங்க!"

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, பெட்டி நின்னு போச்சு. மேல எவ்வளவு பேஞ்சாலும் இனி சத்தம் வராது. யாரையும் போக விடாத."

ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றிருக்கிறாள். சோறு ஆக்கணும், மாடு கட்டிக் கிடக்கு என்று ஆளாளுக்குத் திட்டினார்களாம். "என் தங்கச்சி சொல்லிருச்சு, போகக்கூடாது." எல்லோருக்கும் அதே பதில்தான். கொஞ்ச நேரத்தில் மலை இறங்கியது. அக்கா வீட்டோடு சேர்த்து அந்த வரிசையே மண்ணுக்குள். உள்ளே ஒருவரும் இல்லை.

பிறகுதான் காரணம் தெரிந்தது. மழை மீறும்போது புரோகிராமுக்கு ஒரு சிக்னல் வரும். அதைக் கவனிக்க, இப்போது யாரும் பயன்படுத்தாத பழைய ஃபங்ஷன் ஒன்றை, அதாவது ஒரு கட்டளைத் துண்டை, போட்டிருந்தார்கள். முதல் சிக்னலுக்குச் சைரனை அடித்துவிட்டு, அடுத்தது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையே அது மறந்துவிடும். இரண்டாவது வந்தால் புரோகிராமே நின்றுவிடும். மலை உச்சியில் மறுபடி கொட்டிய மழைதான் அந்த இரண்டாவது. புதிய முறையில் மாற்றி எழுதி, திரும்பத் திரும்ப அடிக்க வைத்துப் பார்த்தோம்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "பாவம், அது ஒருக்கா கத்துனதே பெருசு. காலையில நம்மள வெளியேத்திருச்சுல்ல" என்றாள். நான்தான் அழுதேன்.

புரோகிராமில் பிழை இருந்தால் தேடித் திருத்திவிடலாம். காரணம் கேட்காமல், என் ஒரு சொல்லுக்காக ஊரையே மறித்து நின்றாளே, அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவளா என்றுதான் மழை பெய்யும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.