கிழியாத புத்தகங்கள்

மிளகாய் டீச்சருக்குக் காரணமே இல்லாமல் கோபம் வரும் என்று ஊரில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அபாண்டம். காரணம் எப்போதும் இருந்தது. காது கொடுத்துக் கேட்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. பேருந்து பள்ளிக்கூட நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றால் நடத்துநருக்கு விழும். தண்ணீர்த் தொட்டி மூடியில்லாமல் கிடந்தால் ஊர்த்தலைவருக்கு விழும். தையற்கடை வைத்திருக்கும் கணவருக்கு மிச்சம் மீதிதான். மனைவி செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைப் புரிந்துகொண்டு, மனிதர் தையல் இயந்திரத்தைக் கொஞ்சம் வேகமாக மிதிக்கத் தொடங்கிவிடுவார்.

பட்டப்பெயர் வைத்தது ஐந்தாம் வகுப்பு. அது டீச்சருக்கும் தெரியும். அதற்கு மட்டும் அவர் கோபப்பட்டதில்லை.

அந்தத் தொடக்கப் பள்ளியில் இரண்டு வகுப்பறை, ஒரு வராந்தா, தலைமையாசிரியருக்கு ஓர் அறை. அந்த அறையில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு பீரோ. அதற்குள் கதைப் புத்தகங்கள். எப்போதோ அரசாங்கம் அனுப்பியவை, அட்டையின் பளபளப்புக்கூட மாறாமல் அடுக்கியிருக்கும். சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பார்கள். தலைமையாசிரியர் துணியை எடுத்து அந்த மூக்குத் தடங்களைத் துடைப்பார். அவர் கெட்டவர் இல்லை. காகிதத்தைக் கண்டால் கொஞ்சம் பயந்தவர், அவ்வளவுதான்.

ஒருநாள் இடைவேளையில் வராந்தா மூலையில் ஒரே கும்பல். யாரோ யாரையோ அடித்துவிட்டார்கள் என்று டீச்சர் கையை ஓங்கிக்கொண்டே போனார். நடுவில் ஒரு பெண் குழந்தை கடையில் தின்பண்டம் மடித்துக் கொடுத்த எண்ணெய்த் தாளை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. வெல்டிங் கடைக்காரர் மகள், மூன்றாம் வகுப்பு. பாதிக் கதையோடு தாள் கிழிந்திருந்தது. “அப்புறம்? அப்புறம் என்னாச்சு?” என்று சுற்றி நின்றவை அவளைப் பிடுங்கி எடுத்தன. அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அழுவதுபோல் நின்றாள்.

டீச்சருக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் பீரோ நிறையக் கதை இருக்கிறது, இந்தப் பக்கம் பிள்ளைகள் எண்ணெய்த் தாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நேராக உள்ளே போனார்.

“சார், பீரோ சாவி எங்க?”

“எதுக்கு?”

“புத்தகத்தை வெளிய எடுக்கணும்.”

“எடுத்தா கிழிஞ்சிடும் டீச்சர்.”

“கிழியாம வெச்சு என்ன பண்ணப் போறீங்க? ஊறுகாய் போடப் போறீங்களா?”

“ஒண்ணு பாழாப் போனாலும் மேல இருக்கறவங்க என்னைத்தான் கேப்பாங்க. நீங்களா வந்து பதில் சொல்வீங்க?”

“சொல்றேன். சாவியைக் கொடுங்க.”

அரைமணி நேரம் நடந்த சண்டையில் கடைசியாக ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆண்டு ஆய்வுக்கு அதிகாரி வரும்வரை புத்தகங்கள் பிள்ளைகளிடம் இருக்கலாம். அன்றைக்கு ஒரு புத்தகம் சேதமாகியிருந்தாலும் பீரோ பூட்டப்படும். அதற்குப் பிறகு டீச்சர் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. கோபத்தில் இருந்தவர், யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

தலையாட்டிய பிறகுதான் பயம் வந்தது. டீச்சருக்குப் பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

எல்லாப் பிள்ளைகளையும் வராந்தாவில் உட்கார வைத்தார். ஆளுக்கொரு புத்தகம், தெருவுக்கு ஒரு தலைவர், படித்து முடித்ததும் தெருவுக்குள்ளேயே மாற்றிக்கொள்ள வேண்டும். “இது உங்க பள்ளிக்கூடம், உங்க புத்தகம், உங்க பொறுப்பு. நான் நடுவுல வரமாட்டேன்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “ஆனா ஒரு கறை, ஒரு மடிப்பு, ஒரு கிழிசல் பார்த்தேன், தோலை உரிச்சிடுவேன்!”

போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. கணவர் தையற்கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் உறை தைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, “உன் சத்தத்துக்குப் புத்தகமே உறைக்குள்ள ஒளிஞ்சுக்கும். பிள்ளைங்க என்ன பண்ணும் பாவம்” என்று சிரித்தார்.

“பயந்தாத்தான் பொறுப்பு வரும். நீங்க பட்டனைத் தைங்க” என்றார் டீச்சர்.

அப்புறம் தினமும் காலையில் கேட்பார். “எல்லாரும் படிக்கிறீங்களா?” “படிக்கிறோம் டீச்சர்!” என்று கூரை அதிரும். டீச்சருக்கு மனசு நிறைந்துபோகும். அந்த நாட்களில் பேருந்து தள்ளி நின்றபோதுகூட நடத்துநரை விட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி வந்தார். பிள்ளைகள் உறையோடும், உறைக்கு மேல் பிளாஸ்டிக் பையோடும் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார்கள். அதிகாரி ஒன்றை உருவிப் பார்த்தார். “அடடே, இப்பத்தான் கடையிலேருந்து வந்த மாதிரி இருக்கே!” என்றார். தலைமையாசிரியரின் முகம் மலர்ந்தது. டீச்சர் நெஞ்சை நிமிர்த்தினார்.

சும்மா இருக்காமல் அதிகாரி மேலத்தெருத் தலைவனைக் கூப்பிட்டார். “நீ படிச்ச கதையைச் சொல்லு பார்ப்போம்.”

பையன் டீச்சரைப் பார்த்தான். “புத்தகம் பத்திரமா இருக்கு சார்.”

“சரிப்பா. கதை என்ன?”

“தெரியாது சார். திறந்தா மடிப்பு விழுந்துடும்.”

டீச்சர் பையன் பக்கம் பாய்ந்தார். “டேய், தினம் கேட்டப்போ படிச்சேன்னு கத்தினியேடா!”

“நீங்க கத்திக் கேட்டீங்க டீச்சர். அதான்.”

ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருத்தியின் புத்தகம் அரிசி டின்னுக்குள் இருந்திருக்கிறது. இன்னொருத்தன் வீட்டில் பரண்மேல். தம்பி தொட்டான் என்று ஒரு வீட்டில் தம்பிக்கு அடியே விழுந்திருக்கிறது. மேலத்தெருத் தலைவன்தான் எல்லோரையும் மிஞ்சினான். “எங்க தெருப் புத்தகம் மொத்தத்தையும் ஒரே பெட்டியில வெச்சுப் பூட்டிட்டோம் டீச்சர். சாவி எங்கிட்டதான் இருக்கு” என்று அரைஞாணில் கட்டியிருந்த சாவியைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினான்.

தலைமையாசிரியருடைய ஒரு பூட்டை உடைக்கப் போய், தெருவுக்கு ஒரு பூட்டுப் போட்டுவிட்டோம் என்பது டீச்சருக்குப் புரிந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த முறை அதைக் கொட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வெல்டிங் கடைக்காரர் மனைவி வந்து நின்றாள். பின்னால் மகள், பாதி முகம் மட்டும் தெரிந்தது. அப்போதுதான் மேசையில் ஒரு புத்தகம் குறைவதைத் தலைமையாசிரியர் கவனித்தார்.

“டீச்சர், இவளை அடிச்சிடாதீங்க. காலையிலேருந்து பள்ளிக்கூடம் வரமாட்டேன்னு ஒரே அழுகை” என்று அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். உறையைக் காணோம். அட்டை நூலால் தைத்திருந்தது. ஒரு மூலை கரைந்து போயிருந்தது.

“இந்த ஈரம் என்னோடது. பாத்திரம் கழுவிக்கிட்டே இவளைப் படிக்கச் சொல்லி, படம் பார்க்கலாம்னு ஈரக் கையோட வாங்கிட்டேன். மூலையைக் கடிச்சது சின்னவன். நடுவுல இந்த ஓட்டை அவங்க அப்பா வேலை. வேலையைப் பாதியில விட்டுட்டுக் கதை கேக்க முடியாதுன்னு இவளைப் பட்டறையிலயே உக்கார வெச்சுப் படிக்கச் சொன்னாரு. நெருப்புப் பொறி விழுந்துடுச்சு. பக்கத்து வீட்டு அக்காவும் வாங்கிட்டுப் போனாங்க, அந்தக் குழம்புக் கறை அவங்க வீட்டுது. தப்பு எங்க எல்லாருதும். இவளுது மட்டும் இல்ல.”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்குங்க” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். “பேச்சு பேச்சா இருக்கணும் டீச்சர். ஒண்ணு பாழாயிடுச்சு. பீரோவைப் பூட்டிடலாம்.”

“பாழா?” டீச்சரின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. “சார், இத்தனை புத்தகத்துல உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம்தான் பாழு. பாழாக்கினது நான். என் வாயி!” அந்த நைந்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது; அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “உறையைக் கழட்டுங்க! எல்லாரும்! இப்பவே! வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா அப்பா, பக்கத்து வீடு, எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க. கிழிஞ்சா தைப்போம், ஒட்டுவோம், எல்லாருமாச் சேர்ந்து உக்காந்து ஒட்டுவோம். கிழிஞ்சதுக்கு நான் கத்தினா, ஏன் கத்தறேன்னு என்னைக் கேளுங்க!”

ஒரு பிள்ளையும் அசையவில்லை. முதல் வரிசையில் இருந்த ஒரு பொடிசு மெதுவாகக் கையைத் தூக்கியது. “டீச்சர், இப்பவும் கத்தறீங்களே.”

டீச்சர் வாயை மூடினார். அவர் வாழ்க்கையில் அப்படி மூடியது அதுதான் முதல் தடவை என்று கணவர் பின்னாளில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படியே பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, வெல்டிங் கடைக்காரர் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி, “படிடா கண்ணு” என்றார்.

அவள் படித்தாள். ஓட்டை விழுந்த பக்கம் வந்தபோதும் நிற்கவில்லை. இல்லாத சொற்களையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போனாள். பின்வரிசையில் யாரோ உறையை உருவுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

அடுத்த திங்கட்கிழமை வெல்டிங் கடைக்காரர் தன் கருவிப் பெட்டியோடு வந்தார். டீச்சர் யாரிடமும் கேட்காமல் வரச்சொல்லியிருந்தார். பீரோ வராந்தாவுக்கு வந்தது. கடைக்காரர் கீல்களை அறுத்து இரண்டு கதவுகளையும் கழற்றிக் கீழே வைத்தார்.

“என்ன டீச்சர் இது! அரசாங்கச் சொத்து! நாளைக்கு யாராவது கேட்டா?” தலைமையாசிரியர் பதறிப்போய் ஓடிவந்தார்.

மிளகாய் டீச்சர் கத்தவில்லை. கணவர் தைத்த உறைத் துணிகளையெல்லாம் வாரிக் கதவுகள்மேல் போட்டு, இரண்டையும் தலைமையாசிரியர் அறைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

“கதவு ரெண்டும் உங்க பொறுப்பு சார். ஒரு கீறல் விழக்கூடாது.”