கவிழ்த்த அண்டா

தாமுவே பேட்டையில் எங்கள் வீட்டில் மகள் கிதாரோடு பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. ஒலிபெருக்கி அடங்கிய நொடியில் எனக்கு என் அத்தை செல்லம்மாவின் குரல் கேட்டது.

நான் பிறந்து வளர்ந்த லான்மடாவ் தெருவில் முதன்முதலாக ராக் அண்ட் ரோல் பாடிய பெண் அவள். கோயில் திருவிழா மேடையில் அவள் இடுப்பை ஆட்டியதும் தலைவர் மைக்கை அணைக்கச் சொன்னார். அத்தை இறங்கி வந்து, புளியோதரை மணம் போகாத அன்னதான அண்டாவைக் கவிழ்த்தாள்.

"மைக்கத்தானே நிறுத்துனீங்க? என் தொண்டைய நிறுத்துங்க பாப்போம்!"

அண்டா அதிர்ந்தது. ஏழு வயதில் நானும் ஆடினேன்.

மகள் கிதாரைக் கீழே வைத்தாள். "கரண்ட் வரட்டும்மா."

"அதுக்கு எதுக்குடி காத்திருக்கணும்? பாடு!" பெரிய சட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்.

கரண்ட் வந்ததும் தெருவே "மீ லாபி!", கரண்ட் வந்துடுச்சு என்று பர்மிய மொழியில் கூவும். இன்று அது எங்கள் காதில் விழவே இல்லை.