இருட்டில் ஒளிப்பது அழுகுணி ஆட்டம்

மூன்றாவது சாவி கிடைக்கவில்லை. காபி டம்ளரை யூ.பி.எஸ். மேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஹம்சவேணி அக்கா முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோகிறார். காலை ஐந்தே முக்கால். மதுரை கோச்சடையில் எங்கள் காம்பவுண்டின் மற்ற வாசல்களில் பால் பாக்கெட் இன்னும் வெளியேதான் கிடக்கிறது. "ஒளிச்சு வைக்கத் தெரியாதவன்லாம் கேமு போட வந்துட்டான்" என்கிறார். இது தமிழில். அடுத்துச் சொல்வது வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில். அது வசவு என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அர்த்தம் கேட்டால் சொல்ல மாட்டார்.

ஆட்டம் இதுதான்: திரையில் ஒரு படம் வரும். பரணைப் பிரித்துக் கொட்டியது போல நூறு சாமான் இறைந்து கிடக்கும். கீழே பன்னிரண்டு பெயர் இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி மவுஸால் தட்ட வேண்டும். பக்கத்து வாசல்காரி என்ற உரிமையில் நானும் உடன் உட்கார்ந்து ஆடியிருக்கிறேன். நான் ஐந்தாவது சாமானில் தடுமாறும்போது அக்கா தன் பங்கை முடித்துவிட்டுச் சட்னிக்குத் தாளித்து வந்துவிடுவார்.

கம்ப்யூட்டர் மகள் ரம்யாஸ்ரீ எம்.சி.ஏ. படித்தபோது வாங்கியது. 2003இல் கல்யாணமாகிப் பெங்களூரு போகும்போது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றாளாம். அக்கா விடவில்லை. கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம். வீட்டில் அவரும் அந்தப் பெட்டியும்தான். படிப்பு எட்டாவது. ஆனால் நான் கல்லூரியில் படிக்காத ஆங்கிலப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானுக்கும், குதிரை லாடத்துக்கும், ஒயின் பாட்டில் திறக்கும் சுருள் கம்பிக்கும் பட்டியலைப் பார்த்தே பெயர் கற்றுக்கொண்டார். நம் ஊரில் இல்லாத ஓக் மரத்துக் கொட்டைக்கு மட்டும் அவரே பெயர் வைத்துவிட்டார்: "தொப்பி போட்ட பாக்கு." படத்தைப் பார்த்த பிறகு எனக்கும் அது வேறெதுவாகவும் தோன்றவில்லை.

புது விளையாட்டுகள் ஆரப்பாளையத்து பிரவுசிங் சென்டரிலிருந்து பென் டிரைவில் வரும். ஒரு மணி நேரம் இலவசம். அதற்கு மேல் ஆட டாலர் கேட்கும். அக்கா அறுபதாவது நிமிஷத்தில் எழுந்துவிடுவார். இப்படி எத்தனையோ மர்மக் கதைகளை நட்டாற்றில் விட்டிருக்கிறார். முடிவு தெரியாமல் எப்படி இருக்க முடிகிறது என்று கேட்டேன். "அந்தக் கெழவனைக் கொன்னது யாருன்னு தெரிஞ்சு நான் என்ன செய்யப்போறேன்? சாட்சி சொல்லவா போறேன்? சாமான் கெடைச்சிருச்சு, அம்புட்டுதான்." முழுசாக அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று, மகள் வாங்கித் தந்த சி.டி. அதன் ஆங்கிலப் பெயர் அவருக்கு வேண்டாம். அவர் வைத்த பெயர் 'தோட்டத்து வீடு'. பதினொரு முறை முடித்திருக்கிறார்.

அக்காவின் பார்வையில் ஒளித்துவைப்பது இரண்டு வகை. கொடிகளுக்கு நடுவே இன்னொரு கொடியாகப் பச்சைப் பாம்பை ஓடவிடுவதும், ஏணியில் ஒரு படியாகப் புல்லாங்குழலை வைப்பதும் நேர்மை. "பொருளு பொருளாவே இருக்கு. நம்ம கண்ணுதான் தாண்டிப் போகுது. இப்படி வைக்கிறவன் ஆளு." யானையை எறும்பு அளவுக்குச் சுருக்குவதும், சீப்பைச் சுவர் வெடிப்புக்குள் ஆவி மாதிரி வரைவதும் மோசடி. "நெசமா ஒரு வீட்ல யானை இம்புட்டுச் சிறுசாவா இருக்கும்?" நிஜமாக ஒரு வீட்டில் யானையே இருக்காது என்றேன். அவர் அடுத்த சாமானுக்குப் போய்விட்டார்.

கடிகாரம் ஓடும் விளையாட்டு அவருக்கு ஆகாது. தேடுகிறவளை விரட்டக் கூடாது என்பார். ஆனால் கண்ட இடத்தில் தட்டுகிறவர்களுக்குப் புள்ளி குறைப்பது ரொம்பப் பிடிக்கும். "கடையிலயும் இப்படி ஒண்ணு வைக்கணும். நாப்பது பீஸை இழுத்துப் போட்டுட்டு, சும்மா பார்த்தேன்னு போறாங்கள்ல, அவுங்களுக்கு." ஒரே நிறத்து மணிகளை மூன்றாகச் சேர்த்தால் வெடிக்கும் விளையாட்டை ஒரு ஞாயிறு ஆடிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டார். "நாள் பூராக் கலரைச் சேர்க்குறதுதான் என் வேலையே. எங்க வெடிக்குது?"

வேலை என்றது விளக்குத்தூண் பக்கத்து மேட்சிங் சென்டரை. புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்குப் பொருந்தும் ஜாக்கெட் பிட்டை எடுத்துத் தருவார்கள். சுவர் முழுக்கத் துணிக்கட்டு. பச்சையில் மட்டும் எழுபது இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அக்கா அங்கே நிற்கிறார். புடவையின் முந்தியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக் கை வைத்தால் அதே நிறம் வரும். முதலாளி வெங்கடேஷ்பாபு அக்காவைவிடப் பத்து வயது இளையவர். "எங்க கடையில கம்ப்யூட்டரெல்லாம் எதுக்கு, அக்கா கண்ணு இருக்கு" என்று வருகிறவர்களிடம் சொல்வார். அக்கா காதில் விழாத மாதிரி துணி மடிப்பார். காதில் விழுந்தது என்பது மடிப்பைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டு வருஷமாக அவருடைய விமர்சனத்தில் ஒரே புகார் ஏறிக்கொண்டே வந்தது. புது விளையாட்டுகள் இருட்டாக இருக்கின்றன. "திறமை இல்லாதவன் வெளக்கை அணைச்சுட்டு ஒளிச்சு வைக்கிறான். இருட்டுல ஒளிச்சா அது அழுகுணி ஆட்டம்." முதலில் ஒன்றிரண்டைச் சொன்னார். போன வருஷம் வந்தது அத்தனையும் அழுகுணி என்றார். நானும் ஆமாம் போட்டேன். உலகம் கெட்டுப்போய்விட்டது என்று யார் சொன்னாலும் ஆமாம் போடுவது எனக்குச் சுலபம்.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். அன்னக்கொடி என்று ஒரு வாடிக்கை. மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்ப்பவர். மகள் கல்யாணத்துக்குக் கத்திரிக்காய்க் கலர் பட்டுப்புடவை எடுத்து, முந்தின வாரம் அக்காவிடம் பிட் வாங்கிப் போயிருந்தார். அன்றைக்கு இரண்டையும் கொண்டுவந்து, "இதுல செவப்பு அடிக்கிற மாதிரி இருக்குக்கா" என்றாராம்.

"எனக்கே கலர் சொல்லிக் குடுக்குது. கல்லுத்தூசியில நின்னு ஒங்க கண்ணு பூத்துப் போச்சு, ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னேன். கடையில எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

"அவுங்க என்ன சொன்னாங்க?"

"நீங்க சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்னுட்டுப் போயிருச்சு."

நானும் சிரித்தேன் என்பதை எழுதாமல் விட முடியாது.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிறு காலை, ஏதோ ஒரு பாழடைந்த மாளிகையில் மூன்று பொருள் அகப்படாத ஆத்திரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார். "நல்லா வெளிச்சம் போட்டு ஒளிச்சு வைக்கிறது எப்படின்னு காட்டுறேன், வா." தோட்டத்து வீடு சி.டி.யைப் போட்டார். முதல் படம் ஒரு பூந்தோட்டம். உச்சி வெயில். நிழல்கூடக் குட்டையாக விழுந்திருக்கும். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதையும் இருட்டாக்கிட்டானுங்களா?"

"பழைய சி.டி.தானேக்கா. யாரு ஆக்குறது?"

மானிட்டரின் பொத்தானை அழுத்தி வெளிச்சத்தைக் கூட்டினார். மேலும் கூட்டினார். எனக்குக் கண் கூசியது. அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு திரையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். அவருக்கு மனப்பாடமான இடம்.

"இங்க ஊதாக் குடை இருக்கணும். இருக்கா?"

"இருக்கு."

"என்ன கலரு?"

"ஊதாதான்."

"எனக்கு அரக்காத் தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. "அப்ப அந்த அன்னக்கொடிக்கு அரக்குல குடுத்துட்டேன்டீ."

விளையாட்டு மாறவில்லை. மாறியது எது என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். புரையாக இருக்கும், வயசானால் எல்லாருக்கும் வருவதுதான், சின்ன ஆபரேஷன் என்று ஏதோ சொன்னேன். அவருக்கு அது கவலை இல்லை. "நாலு பேரு முன்னால ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேனே, அதுக்கு என்ன பண்றது?"

மறுநாளே முதலாளியிடம் சொன்னார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போயிருக்கிறார். வெங்கடேஷ்பாபு தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்க்கா" என்றாராம். ஒரு வருஷமாக, அக்கா வெட்டித் தரும் ஒவ்வொரு பிட்டையும் பில் போடும் இடத்தில் ஷெரின் இன்னொரு முறை பார்த்து, தப்பாக இருந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொடுத்திருக்கிறாள். ஷெரின் அக்காவோடு வேலை பார்க்கும் பெண். அன்னக்கொடி பிட் வாங்கிய வாரம் அவள் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தாள். அன்னக்கொடி திரும்பக் கொண்டுவந்த அன்றைக்கும் அவள் ஊரிலிருந்து வரவில்லை, முதலாளியும் கடையில் இல்லை. "ஒங்க கண்ணை வச்சுத்தான் கடைக்குப் பேரு. அதை எப்படிக்கா ஒங்ககிட்டயே சொல்றது?" என்றிருக்கிறார்.

எனக்கு இது நல்ல மனசாகத்தான் பட்டது. அக்காவுக்கு அப்படிப் படவில்லை. "எம்முன்னாலயே ஒளிச்சு வச்சிருக்காங்க. வெளிச்சத்துலயே வச்சிருக்காங்க. எனக்குத் தெரியல." அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் வலது கண் முதலில். ஒரு மாசம் கழித்து இடது. இரண்டுக்கும் நடுவில் இருந்த நாட்களில் ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணைப் பொத்தி, காம்பவுண்டு முழுக்கச் சுற்றிவந்தார். "இந்தக் கண்ணுல பாலு, அந்தக் கண்ணுல டீ" என்றார். அத்தனை நாளும் அவர் வெள்ளை என்று நினைத்திருந்த சுவர் வெள்ளை இல்லை. நீலம்தான் அவருக்குப் புதிதாகக் கிடைத்த சொத்து. மயில்கழுத்து நிறத்தில் பச்சை எங்கே முடிகிறது, நீலம் எங்கே தொடங்குகிறது என்று இப்போது விரல் வைத்துச் சொல்லிவிடுவேன் என்றார். இருட்டு என்று ஒதுக்கிய விளையாட்டுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்து, நாலைந்துக்குத் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். யானையைச் சுருக்கியவனுக்கு மட்டும் மன்னிப்பு இல்லை.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சரியான கத்திரிக்காய்க் கலரில் ஒரு மீட்டர் வெட்டி, தாளில் சுற்றி வைத்தார். அன்னக்கொடியிடம் போன் கிடையாது. மேலூர்ப் பக்கமிருந்து யார் வந்தாலும் விசாரித்தார். தெரியும் என்றவர்களிடம் வரச் சொல்லி ஆள் மாற்றி ஆள் சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை.

தை மாதம் ஒரு மத்தியானம் புடவைக்கு ஃபால்ஸ் வாங்க நான் கடைக்குப் போயிருந்தேன். காலில் கல்தூசி படிந்த ஒரு அம்மா உள்ளே வந்தார். அக்கா பக்கம் திரும்பாமல் நேரே ஷெரினிடம் போய், பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து வைத்தார். மயில்கழுத்து. அக்கா எழுந்த வேகத்திலேயே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அன்னக்கொடி. அன்னிக்கு ஒங்க கண்ணுதான் சரி. எனக்குத்தான் புரை விழுந்திருந்துச்சு. தெரியாமப் பேசிட்டேன்" என்று சொல்லி, தாளில் சுற்றியதை நீட்டினார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

அன்னக்கொடி தாளைப் பிரித்துத் துணியைத் தடவிப் பார்த்தார். "கல்யாணம் முடிஞ்சிருச்சுக்கா. அதையே தச்சுப் போட்டுக்கிருச்சு எம்மக. போட்டோவுல செவப்பாத்தேன் விழுந்திருக்கு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பிறகு, "இது எனக்கு எடுத்தது. இதுக்குப் பாருங்க" என்று புடவையை அக்கா பக்கம் நகர்த்தினார்.

அக்கா அலமாரியிலிருந்து நாலு துணியை உருவினார். அன்னக்கொடியின் முழங்கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப்போனார். வெயிலில் புடவையை அவர் தோளில் போட்டு, நாலு துணியையும் அதன்மேல் வரிசையாக விரித்தார்.

"நீங்களே சொல்லுங்கக்கா" என்றார் அன்னக்கொடி.

"இல்ல, நீங்க சொல்லுங்க."

அக்காவின் வலது கை இரண்டாவது துணியை நோக்கிப் பாதி தூரம் போனது. அதை இழுத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பார்வையையும் எதிர்க்கடைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்னக்கொடி அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கி, வெயிலில் பிடித்து, திருப்பிப் பார்த்து, கடைசியில் ஒன்றை நீட்டினார். அக்கா அதை வாங்கி உள்ளே கொண்டுவந்து மேஜையில் விரித்தார். புடவையோடு ஒட்டிவைத்துப் பார்க்கவில்லை. அளவுகோலை வைத்து, வெட்டினார்.