திறக்கக் கூடாத உறை

பல்கலைக்கழகத்தின் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வளாகத்தில் எனக்கு ஒருங்கிணைப்பாளர் வேலை. ஆற்றங்கரைப் பழங்குடிச் சமூகம் ஒன்று, தாங்கள் பிடிக்கும் மீனில் பாதரசம் எவ்வளவு என்று எங்கள் ஆய்வுகூடத்தோடு சேர்ந்து பார்த்தது. ஆய்வை நடத்துவது அவர்கள், நாங்கள் கைகொடுப்பவர்கள். முதல் கூட்டத்தில்தான் அது எனக்கு உறைத்தது.

அன்றைக்கு இருபது பக்கத் திட்டத்தோடு போயிருந்தேன். அவர்களுடைய குழுத் தலைவி ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவப் பெண். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார்.

"நல்லாய் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கேள்வி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

எனக்குக் காது சுட்டது. "உங்கள் கேள்வி என்ன?" என்றேன்.

"வருகிறவர்கள் எல்லாரும் மீன் சாப்பிடாதே என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எந்த மீனைச் சாப்பிடலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் எதைச் சாப்பிடலாம்? அதுதான் கேள்வி."

என் இருபது பக்கமும் குப்பைக்குப் போனது. அவர்கள் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினார்கள். எங்கே வலை போடுவது, எதை அளப்பது எல்லாம் அவர்கள் முடிவு. வரும் விபரமும் அவர்களுடையது. அவர்கள் பார்த்த பிறகுதான் நாங்கள் பார்க்கலாம். எங்கள் பேராசிரியர் இரண்டு தடவை வாசித்து, பெருமூச்சு விட்டு, கையெழுத்துப் போட்டார்.

ஒரு கோடை முழுக்க மீன் வந்தது, அதிகமும் அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் வெண்மீன். ஆய்வுகூடத்தில் அளந்தார்கள். கடைசியில் முடிவு ஒட்டிய உறையில் என் மேசைக்கு வந்தது. ஆய்வுகூடத்தில் அளந்த பெண்ணுக்கு மட்டும்தான் முடிவு தெரியும்; நான் கேட்டுவிடுவேன் என்று, என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டு அடுத்த நடைபாதையால் ஓடிவிடுவாள். சனிக்கிழமை காலை உறையைக் காரில் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டு, புறப்பட்டேன். பாதி வழியில் கணவர் போன் எடுத்தார்.

"என்னவாமப்பா முடிவு?"

"தெரியாது. திறக்கேலாது."

"உங்கட லாப் தானே செய்தது?"

"ஓம், ஆனா அவையின்ர மீன்."

"வெளிச்சத்தில பிடிச்சுப் பாருமன்."

"வையுங்கோ போனை!"

உண்மையைச் சொன்னால், பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் ஒருதரம் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மண்டபம் நிரம்பியிருந்தது. தலைவி உறையைக் கிழித்து, நின்றபடி வாசித்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு தங்கள் மொழியில் நாலு வசனம் பேசினார். அவ்வளவுதான், மண்டபமே எழும்பிக் கத்தியது. கதிரைகள் விழுந்தன. யாரோ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். நானும் குதித்தேன், கைதட்டினேன், கண்ணீர் வழியச் சிரித்தேன். எதற்கென்று ஒரு சொல்கூட விளங்கவில்லை.

மூச்சு வாங்க, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "என்ன சொன்னா?"

அவள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "தெரியாமலா இந்தக் குதி குதித்தீர்கள்? வெண்மீன் நல்லதாம்! எல்லாரும் சாப்பிடலாமாம்!"

எல்லாமே நல்ல செய்தி இல்லை. மற்ற மீன்களைத் தின்னும் பெரிய வேட்டை மீன்களைக் கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் தவிர்க்க வேண்டும். பழைய குப்பைமேட்டுக்குப் பக்கத்து வளைவில் வலையே போடக் கூடாது. அதையும் தலைவி அதே குரலில் சொன்னார், சபை அமைதியாகக் கேட்டது. படகுத்துறையில் அறிவிப்புப் பலகை வைப்பதென்று அங்கேயே தீர்மானித்தார்கள். பிறகு அடுப்பு மூட்டி வெண்மீன் பொரித்தார்கள். நான் நாலு துண்டு சாப்பிட்டேன்.

பலகைக்குப் படம் வரையும் வேலையைத் தலைவி என் தலையில் கட்டினார். "நீங்கள்தான் ஒருங்கிணைப்பாளர்." வெண்மீன் ஒன்று வரைந்து காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது என்ன காய்?"

பார்க்கக் கத்தரிக்காய்தான், மறுக்க முடியாது. ஆனால் செதில் போட்டு, கண் வைத்து, அவர்கள் மொழியில் 'இதைச் சாப்பிடு' என்று பெரிதாக எழுதி, அதையே படகுத்துறையில் மாட்டிவிட்டார்கள். என் வாழ்க்கையில் பலபேர் பார்க்க வெளியான ஒரே படைப்பு அதுதான். துறைக்குப் போகும்போதெல்லாம் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறேன்.