கற்பூரம் அணைக்காத சாட்சி

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்ததும் எழும் அந்தக் கருகல் வாசனையை, கற்பூரமே ஏற்றாத வீட்டில் பிறந்த நான் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லிவிடுவேன். ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த எங்கள் ஊரில் எந்த வழக்கு வந்தாலும் காளியம்மன் கோயில் வாசலில்தான் தீரும். ஆட்டைக் காணோம், வரப்பை நகர்த்திவிட்டான், என் மரத்துப் பலாக்காயை இறக்கிவிட்டான் என்று யாராவது யார்மேலாவது புகார் சொன்னால், நாட்டாண்மை அங்கிருந்த கல்லின்மேல் கற்பூரம் ஏற்றச் சொல்வார். சாட்சி சொல்பவர் அதை வெறுங்கையால் அணைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். பொய் சொன்னவனுக்கு அந்த வருஷத்துக்குள் "கை வெளங்காம பூடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் கையைக் கல்லுக்கு மேலே கொண்டுபோன பிறகும், சொல்ல வந்ததை மறுபடி ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்க்காதவர்களை நான் பார்த்ததில்லை.

அந்த ஊரிலேயே கற்பூரம் அணைக்காமல் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் என் அப்பா. இளவட்டமாக இருந்தபோது காலில் ஆறாத புண்ணோடு மலையிறங்கிப் போய், கீழே ஓர் ஆஸ்பத்திரியில் பல வாரம் படுத்திருந்து, கால் ஆறிய கையோடு ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டு திரும்பியவர் அவர். ஊரில் அவருக்குப் பெயர் "வேதக்காரர்". சாராயத்தை விட்டார், படையல் சோற்றை விட்டார், ஞாயிற்றுக்கிழமை ஏர் பூட்டுவதை விட்டார். முதல் மழை சொல்லிவைத்தாற்போல ஞாயிற்றுக்கிழமை பெய்யும். ஊரே கொல்லையில் இருக்க, எங்கள் மாடுகள் மட்டும் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். "இன்னா வேதக்காரரே, ஒங்க சாமியே நாளு பாக்காம மழைய அனுப்பிட்டாரு, நீங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்று போகிறவர்கள் சீண்டுவார்கள். "நாளிக்கும் ஈரம் இருக்குங்க" என்று அப்பா சிரிப்பார். சில வருஷம் மறுநாள் ஈரம் இருக்காது. அப்போது அம்மா சிரிக்க மாட்டாள்.

சத்தியம் செய்வதையும் அவர் விட்டிருந்தார். நான் பிறப்பதற்கு முன்பு, அவருடைய சொந்த அண்ணனின் வரப்புத் தகராறில் முதல்முறையாகச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது, "எங்க ஆண்டவரு சத்தியமே பண்ணாதேன்னு சொல்லிக்கிறாருங்க. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அவ்ளோதான்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். ஊர் கொதித்தது. பிறகு அவர் வாயைத் திறந்து, வரப்பை நகர்த்தியது தன் அண்ணன்தான் என்றார். அன்றிலிருந்து அவருக்குக் கற்பூரம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. "வேதக்காரரு சொல்லிட்டாரா? அப்ப முடிஞ்சிது" என்று நாட்டாண்மை துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். காளியம்மனைக் கும்பிடும் ஊர், கும்பிடாத ஒருவரின் வெறும் சொல்லை அவள் வாசலிலேயே ஏற்றுக்கொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அப்போதோ, தலைகால் புரியாத பெருமை.

எனக்கு ஒன்பதோ பத்தோ வயதிருக்கும்போது, சாமை அறுப்பு முடிகிற பனிக்காலத்தில், ராமன் என்பவரின் களத்திலிருந்து சாமைக்கட்டுகள் காணாமல்போயின. முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் ஓர் ஆள் தலைச்சுமையோடு பனிக்குள் போனதை அப்பா பார்த்திருந்தார். யார் என்று நாட்டாண்மை கேட்டார். "சின்னப்பையன்" என்று அப்பா சொன்னார்.

சின்னப்பையன் மாமா எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர். அப்பாவை "அண்ணே, அண்ணே" என்று சுற்றிவருகிறவர். அன்று கோயில் வாசலில் அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

"நான் இல்லீங்க. ஆனா அண்ணன் பொய் சொல்ல மாட்டாரே. எனக்கே ஒண்ணும் புரியலீங்க" என்றார். அதன்பின், "கற்பூரத்த ஏத்துங்க, நான் அணைக்கிறேன்" என்று கையை நீட்டினார்.

"அதெல்லாம் வேணாம்ப்பா. வேதக்காரரு சொல்லிட்டாரு" என்று நாட்டாண்மை எழுந்துவிட்டார்.

அந்த வருஷத் திருவிழாவில் சின்னப்பையன் மாமா வீட்டுக்கு ஊர்க்கறியில் பங்கு இல்லை, கரகம் அவர் வாசலில் நிற்கவில்லை. எங்கள் வீடும் அந்தக் கறியை வாங்காத வீடுதான். ஆனால் நாங்களாக வாங்காமல் இருப்பதும், ஊர் கொடுக்காமல் தாண்டிப் போவதும் ஒன்றாகிவிடாது. திருவிழா முடிந்த கையோடு அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, காப்பித் தோட்ட வேலைக்கென்று கர்நாடகப் பக்கம் போய்விட்டார்.

புளி உலுக்கும் காலத்தில் உண்மை வந்தது, அதுவும் எங்கள் ஜெபக் கூடத்துக்குள்ளேயே வந்தது. ஜெபக் கூடம் என்றால், எங்கள் வீட்டை ஒட்டிக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகை. அப்பா வாழ்ந்த விதத்தை, வேதக்காரர் பேச்சில் அவருடைய "சாட்சி"யைப் பார்த்து நாலைந்து குடும்பங்கள் அங்கே வர ஆரம்பித்திருந்தன. அவர்களில் புதிதாக வந்த முனியன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போகாமல் உட்கார்ந்து அழுதார். ராமன் களத்துச் சாமையை எடுத்தது தானே என்றார். குளிருக்கு, சின்னப்பையன் வேலியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்புக் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு போய், திரும்பும்போது அதே வேலியில் போட்டுவிட்டாராம்.

அப்பா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் பார்த்தது கம்பளியை. முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

பெரியவளான பிறகு இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். கையை நெருப்புக்கு மேலே நீட்டியிருந்தால், அந்த ஒரு நொடியில், பார்த்தது ஆளையா போர்வையையா என்று அப்பாவே தன்னைக் கேட்டிருப்பார். வேறு யாராவது சொல்லியிருந்தால், மூஞ்சியைப் பார்த்தாயா என்று நாட்டாண்மையாவது கேட்டிருப்பார். அப்பாவின் சொல்லுக்கு இருந்த மரியாதையால் அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. பொய்யே பேசாதவர் என்ற பெயர், அவரைத் தப்பாகவே பார்க்காதவர் என்று ஆக்கிவிட்டது.

ஆராதனை நடத்த வாரம் ஒருமுறை பஸ் ஏறி வருகிற உபதேசியாரும் அன்று கூடத்தில் இருந்தார். நல்ல மனிதர்தான். கதவைச் சாத்திவிட்டு, "முனியன் மனந்திரும்பிட்டாரு, கர்த்தர் மன்னிச்சிட்டாரு. இத ஊருக்கு எதுக்குங்க சொல்லணும்? திருடனும் வேதக்காரன், தப்பா சாட்சி சொன்னவரும் வேதக்காரர்னு ஆயிடும். நம்ப முகத்த வெச்சித்தான இவங்க ஆண்டவர பாக்குறாங்க? வர்ற நாலு வூடும் நின்னுடும்" என்றார்.

அப்பா சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "கர்த்தர் மன்னிச்சிட்டாரு, சரிங்க. சின்னப்பையன் மன்னிச்சானா?" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "போய் சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வூட்ல ஒக்காந்து ஜெபம் பண்ணாதீங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஈரத்துக்கெல்லாம் முணுமுணுக்கிற அம்மாதான் அதைச் சொன்னாள்.

மறுநாளே அப்பா முனியனைக் கூட்டிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனார். முனியன் தன் திருட்டைச் சொன்னார். அப்பா, "நான் பாத்தது கம்பளிய. ஆள பாத்தேன்னு சொல்லிட்டேன். தப்புங்க" என்று ஊர் முன்னால் கைகூப்பினார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாட்டாண்மைதான் தரையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே நீங்களும் எல்லாரு மாதிரி கற்பூரம் அணைச்சிதான் சொல்லணும்" என்றார்.

"அது என்னால முடியாதுங்க."

"அப்ப ஒங்கள கூப்ட மாட்டோம்ங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தார்.

உபதேசியார் சொன்னதும் பலித்தது. ஜெபத்துக்கு வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக நின்றன, முனியனும் நின்றுவிட்டார். அப்பாவுக்கு அதைவிட சின்னப்பையன் மாமா ஊரைவிட்டுப் போனதுதான் பெரிய பாரம். யார் யாரிடமோ விசாரித்துக்கொண்டு சிக்மகளூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார். சின்னப்பையன் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் போனார், அங்கே அப்படி ஒருவரைத் தெரியவில்லை. அதன்பிறகு மலையேறி வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் அப்பா முகம் தேடுவார். ஊரெல்லாம் கேட்க அவர் சொன்ன "தப்புங்க" அந்த ஒருவர் காதுக்கு மட்டும் போய்ச் சேரவே இல்லை. சேராமலே அப்பா போய்விட்டார்.

இப்போது எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை இருக்கிறது, செல்போன் இருக்கிறது, தகராறு என்றால் காவல் நிலையம் இருக்கிறது. கற்பூரம் அணைப்பதும் இல்லை, அணைக்காத ஆளும் இல்லை. ஜெபக் கூடம் இருந்த இடத்தில் யாரோ ஆடு கட்டுகிறார்கள்.

நான் வேலூரில் இருக்கிறேன். வாசல் கேட்டில் சிலுவை, கார்க் கண்ணாடியில் வசனம், கிறிஸ்துமஸ் வந்தால் மொட்டை மாடியில் ஆளுயர நட்சத்திரம். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது தெருவுக்கே தெரியும். அது தவிர, தெருவில் எங்களுக்கும் மற்றவர்களுக்கும் இன்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் விழிக்க வேண்டியதுதான். தலைவாரிக்கொண்டே "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று போனில் சொல்கிறோம். காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல் என்று லீவு எடுக்கிறோம். எங்கள் ஆமாமும் எல்லோருடைய ஆமாமும் ஒரே எடைதான். அப்பாவின் ஆமாம் ஒருமுறை தவறியதற்கே ஊர் அதிர்ந்தது. எங்களுடையது தினமும் தவறுகிறது, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன மாதம் என் மகன் பள்ளி ஆண்டு விழாவில் ஆடுவதாகச் சொன்னான். வருவாயா என்று கேட்டான். "வர்றேன்டா" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்து, என் கண்ணைப் பார்த்து, "சத்தியமாம்மா?" என்றான்.

நான் என் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்து காட்டிய பிறகுதான் அவன் பள்ளிக்குப் போனான்.