சுருக்கிய சக்கர நாற்காலி

கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் பழக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்பதைத்தான். கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் வீட்டு வாசற்கதவு எத்தனை அடி அகலம் என்று திருப்பிக் கேட்பேன். முழிப்பார்கள். போய் ஒரு டேப் வாங்கிக்கொண்டு வா என்பேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் பழகிய லட்சணமும் அதுதான். வீடியோ பார்த்து, ஜன்னல் கண்ணாடியில் வெயிலைப் பளபளக்க வைக்கக் கற்றுக்கொண்டு, அளவு என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் பெரம்பலூரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கட்டப்போகும் வீட்டின் முகப்பைப் படமாக்கித் தரும் கடை. லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் துபாயிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"அத்தாவால நடக்க முடியாதும்மா. சக்கர நாற்காலியிலயே வூட்டுக்குள்ள போற மாதிரி ஒரு சரிவு வச்சுக் குடுங்க. அவங்க போறதையும் படத்துல காட்டுங்க. நான் பாக்கணும்."

முகப்புத் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் சரிவை வைத்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த சக்கர நாற்காலியை, அதில் ஒரு பெரியவரை உட்காரவைத்து, நிஜ அளவிலேயே படத்துக்குள் இறக்கினால், சக்கரம் தூணுக்குள் புகுந்து நின்றது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தூணைத் தள்ளினா மொகப்பு அழகு போயிடும். நாற்காலியச் சின்னதாக்கி அனுப்பு, யாரு பாக்கப் போறா."

மவுஸை ஓர் இழு இழுத்தேன். நாற்காலியும் பெரியவரும் சேர்ந்து சுருங்கினார்கள். பொருந்திவிட்டது. மாலை வெயில் வேறு போட்டு அனுப்பினேன். "மாஷா அல்லாஹ்" என்று பதில் வந்தது. அதைப் படித்துப் பூரித்துப்போன என்னை இப்போது நினைத்தால் அறையலாம் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் பிளான் தாளை விரிப்பதில்லை. போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே கட்டிவிடுவார்கள். தூணையும் நான் வைத்த இடத்திலேயே எழுப்பிவிட்டார்கள்.

குடிபுகும் விருந்துக்குத் துபாய்க்காரர் எங்களையும் கூப்பிட்டிருந்தார். லீவில் வந்திருந்த அவரே தன் தகப்பனாரைத் தள்ளிக்கொண்டு சரிவுக்கு வந்தார். நாற்காலி தூணில் இடித்தது. பின்னால் இழுத்து, திருப்பி, மறுபடி தள்ளினார். நுழையவில்லை. கடைசியில் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எல்லோரும் கொத்தனாரைத் திட்டினார்கள். கடைக்காரர் பிரியாணித் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் மேல் இருந்த கோபம்கூட ஆறிவிட்டது, என் மேல் உள்ளது ஆறவில்லை.

இறக்கிய பொருளை இடத்துக்காகச் சுருக்காதே, இடத்தை மாற்று என்று பழக வருகிறவர்களிடம் இன்றும் கத்துகிறேன். ஏன் கத்துகிறேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று விருந்து முடிந்து கிளம்பும்போது பெரியவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மகனின் போனில் நான் வரைந்த படத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"நீதான் வரைஞ்சியாம்மா? இதுல நான் உள்ள போயிட்டேனே."